டர்பனின் மேல் நிழல் விழும் காலை: 2030 முழுச் சூரிய கிரகணத்துக்கு எந்த லென்ஸ், எந்தத் தாங்கி, எந்த ஃபில்டர்?

2030 நவம்பர் 25, திங்கட்கிழமை, கார்த்திகை அமாவாசை. அன்று காலை நிலவின் நிழல் நமீபியாவில் தரை தொட்டு, போட்ஸ்வானா வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்து, குவாசுலு-நட்டால் கரையில் டர்பன் வட்டாரத்தைக் கடந்து இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்கும். கடல் நடுவில் முழுமறைப்பு அதிக அளவாக 3 நிமிடம் 44 விநாடி நீடிக்கும்; ஆப்பிரிக்க நிலப்பரப்பில் கிடைக்கும் நேரம் அதைவிடக் குறைவு, மேற்கே போகப் போக இன்னும் குறைவு. சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, கிழக்கு வானில் சாய்வாக நிற்கையில், நம் ஊரிலேயே இது நடக்கப்போகிறது. டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் கேமரா வைத்திருக்கும் தமிழர் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: இருப்பதை வைத்து எடுக்கலாமா, புதிதாக வாங்க வேண்டுமா, வாங்கினால் எதை வாங்குவது? அந்தத் தெரிவுகளை நான் எடைபோட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில், நான் ஒரு முறை தவறாகத் தேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்வரும் முடிவுகள் எல்லாவற்றிலும் அதன் தழும்பு இருக்கிறது. 2002 டிசம்பர் 4 கிரகணத்துக்கு நானும் என் மைத்துனரும் டர்பனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, அன்று மெசினா என்று வழங்கிய முசினா அருகே போய் நின்றோம். சூரியனைப் படம் நிறையக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் உள்ளே வளைந்த ஆடிகள் வைத்த 500 மி.மீ. மிரர் லென்ஸை இரவல் வாங்கி, அதன் பின்னால் இருமடங்காக்கியையும் மாட்டி, 1000 மி.மீ. ஆக்கிக்கொண்டேன். எஃப் 8 ஆக இருந்த துளை எஃப் 16 ஆனது. உள்ளே வரும் ஒளி நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. ஃபில்டரைக் காற்று பறித்துவிடக் கூடாது என்று பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டியிருந்தேன். லிம்போபோ வெயிலில் அந்த டேப்பின் பசை இளகிக் கூழாகிவிட்டது. முழுமறைப்பு தொடங்கியதும் ஃபில்டரைக் கழற்ற வேண்டும்; ஆனால் டேப் நூல் நூலாகக் கிழிந்து வந்ததே தவிர ஃபில்டர் கழலவில்லை. நகத்தால் சுரண்டி இழுத்தபோது ஃபோக்கஸ் வளையமும் சேர்ந்து திரும்பிவிட்டது. ஒன்றரை நிமிடத்தை எட்டாத அந்த மறைப்பில் முதல் இருபது விநாடி இப்படியே போனது. 36 படச் சுருளில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. பக்கத்தில் நின்ற மைத்துனர் சாதாரண 200 மி.மீ. லென்ஸில், மேக இடுக்கின் ஊடே எடுத்த படம்தான் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டத்துக்குள் இருக்கிறது.

இனி லென்ஸின் நீளம். கணக்கு எளியது: குவியத் தூரத்தை 109ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் சூரிய வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 300 மி.மீ. லென்ஸில் அது 2.8 மி.மீ., 500இல் 4.6 மி.மீ., 1000இல் 9.2 மி.மீ. முழுச்சட்டக் கேமராவின் சென்சார் 36க்கு 24 மி.மீ. ஆகையால், 1000 மி.மீ. லென்ஸில்கூட வட்டம் நன்றாக அடங்கி, சுற்றிலும் இடம் மிஞ்சுவதாகத் தோன்றும். ஆனால் முழுமறைப்பின்போது நாம் எடுக்கப்போவது கருத்த வட்டத்தை அன்று; அதைச் சூழ்ந்து விரியும் கொரோனாவை. அந்த ஒளிமகுடம் எவ்வளவு தூரம், எந்த வடிவில் விரியும் என்பதே லென்ஸைத் தீர்மானிக்க வேண்டும்.

சூரியனின் காந்தச் செயல்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்குவது. 2002இல் அது உச்சத்தை ஒட்டி இருந்தது. ஆகவே அன்று கண்ட கொரோனா எல்லாப் பக்கமும் இதழ் விரித்த டாலியா பூவைப் போல வட்டமாக இருந்தது. இப்போதைய சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியதால், 2030 இறுதி அதன் அடங்கும் காலத்தை ஒட்டியே வரும். அடங்கும் காலத்தில் கொரோனா வட்டமாக இராது. சூரியனின் நடுக்கோட்டை ஒட்டி இரு பக்கமும் நீண்ட ஒளிச்சிறகுகள் ஓடும். துருவங்களில் மட்டும் சீப்பின் பற்கள் போன்ற குட்டையான கீற்றுகள் நிற்கும். சிறகு நுனியிலிருந்து நுனி வரை சூரியனின் விட்டத்தைப் போல நான்கைந்து மடங்கு பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 500 மி.மீ. லென்ஸில் அது 23 மி.மீ. அளவில் சட்டத்துக்குள் அடங்கும். 1000 மி.மீ. லென்ஸில் 46 மி.மீ. ஆகி இரு பக்கமும் வெட்டுப்படும். மற்ற ஆண்டுகளில் நீளமான தொலைநோக்கிக்குச் சாதகமாகச் சொல்ல ஏதாவது இருக்கலாம். 2030இன் கிரகணத்துக்கு நீளம் நமக்குப் பகை.

ஆகவே முழுச்சட்டக் கேமரா உள்ளவர்களுக்கு 400 முதல் 500 மி.மீ. வரையும், ஏ.பி.எஸ்.-சி. என்ற சிறிய சென்சார் உள்ளவர்களுக்கு 300 மி.மீ. சுற்றியும் என்பதே என் தீர்ப்பு. சிறிய சென்சாரில் 500 மி.மீ. போட்டால் சிறகுகளின் நுனி சட்டத்தின் விளிம்பைத் தொட்டுவிடும். சூரியன் சற்று நகர்ந்தாலும் ஒரு பக்கம் போய்விடும். 70-300 வகை ஜூம் லென்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதை விற்றுப் பெரியது வாங்கத் தேவையே இல்லை. 800 மி.மீ.க்கு மேற்பட்ட தொலைநோக்கி எதற்குப் பொருந்தும் என்றால், விளிம்பில் செந்நிறமாகத் துருத்தும் தீக்கொழுந்துகளையும், வைர மோதிரம் தோன்றும் முன் உதிரும் ஒளிமணிகளையும் நெருக்கத்தில் பிடிப்பதற்கு. அதற்கென்றே இரண்டாவது கேமரா வைத்திருப்பவர் அதைச் செய்யட்டும். ஒரே கேமரா உள்ளவருக்கு அது வேண்டாம். இன்னொன்று: சூரியனின் நடுக்கோடு நம் அடிவானத்துக்கு இணையாக நிற்காது, சாய்ந்து நிற்கும். லென்ஸின் இடுப்பில் வளையப் பிடி இருந்தால் கேமராவைச் சுழற்றிச் சிறகுகளைச் சட்டத்தின் நீளவாக்கில் அமைத்துக்கொள்ளலாம். பிடி இல்லாத இலகுவான லென்ஸுக்கும் பிடி உள்ள லென்ஸுக்கும் இடையே தடுமாறுபவர்கள் பிடி உள்ளதையே எடுக்க வேண்டும் என்பேன்.

அடுத்தது தாங்கி: அசையாத ட்ரைபாடா, சூரியனைத் தொடர்ந்து சுழலும் ட்ராக்கரா? இங்கேதான் விஷயம் கனமானது, பணமும் அதிகம் போவது.

வானில் சூரியன் விநாடிக்குச் சுமார் 15 விகலை (ஒரு விகலை பாகையில் 3600இல் ஒரு பங்கு) நகர்கிறது. தன் விட்ட அளவு நகர அதற்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். 4 மைக்ரான் பிக்சல் கொண்ட சென்சாரில் 500 மி.மீ. லென்ஸை மாட்டினால், ஒரு விநாடி எக்ஸ்போஷரில் படம் ஏறத்தாழ 9 பிக்சல் இழுபடும். நொடியில் எட்டில் ஒரு பங்கு என்றால் இழுப்பு ஒரு பிக்சல்தான், கண்ணுக்குத் தெரியாது. கொரோனாவின் உள்பகுதி பிரகாசமானது, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் 8 என்ற அளவில் 1/200 விநாடியும் 1/50 விநாடியும் அதற்குப் போதும். தீக்கொழுந்துகளுக்கு 1/800, ஒளிமணிகளுக்கு 1/3000 அளவு. வெளிச்சிறகுகளுக்குத்தான் அரை விநாடியிலிருந்து ஒரு விநாடிக்கு மேல் வரை தேவைப்படுகிறது, 2030இல் நமக்கு வேண்டியதும் அந்தச் சிறகுகளே.

ட்ரைபாட் மட்டும் உள்ளவர் இதற்கு என்ன செய்யலாம் என்றால், ஐ.எஸ்.ஓ.வை 800க்கு ஏற்றிவிட்டால் ஒரு விநாடி தேவைப்பட்ட இடத்தில் 1/8 விநாடி போதும். படத்தில் மணல் தூவியது போல் இரைச்சல் வரும். ஆனால் அதே எக்ஸ்போஷரில் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்துப் பின்னர் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். இது குறைந்த வழி என்று நான் கருதவில்லை. 300 மி.மீ. லென்ஸுக்கு இதுவே சரியான வழி, ஏனெனில் முழுமறைப்பு முடியும் வரை சூரியன் சட்டத்தை விட்டு விலகவும் செய்யாது.

ட்ராக்கர் உள்ளவருக்கு அந்த அடுக்கும் வேலை மிச்சம், சுத்தமான நீண்ட எக்ஸ்போஷரும் கிடைக்கும். ஆனால் நம் தென்பாதிக் கோளத்தில் அதை வானின் துருவத்தோடு ஒருங்கமைப்பது வடக்கில் இருப்பவர்களுக்குப் போல எளிதன்று. அவர்களுக்குத் துருவ நட்சத்திரம் பளிச்சென்று நிற்கிறது. நமக்குத் தென்துருவத்தை ஒட்டியிருப்பது சிக்மா ஆக்டான்டிஸ் என்ற மங்கல் விண்மீன், நகர வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரிவதே இல்லை. திசைகாட்டியை நம்பலாமா என்றால், டர்பன் பக்கம் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து 20 பாகைக்கு மேல் மேற்கே விலகி நிற்கிறது. அந்தத் திருத்தத்தைச் சேர்க்காமல் வைத்தால் ட்ராக்கர் வைத்தும் பயனில்லை. கார் பக்கத்தில் நின்றாலே ஊசி தடுமாறும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

நான் பின்பற்றுவது கோயில் கட்டும் சிற்பிகள் திசை பார்த்த பழைய முறை. முந்தின நாள் சமதரையில் ஒரு நேரான குச்சியை நட்டு, அதை மையமாக வைத்து ஒரு வட்டம் கீற வேண்டும். காலையில் நிழலின் நுனி எந்த இடத்தில் வட்டத்தைத் தொட்டு உள்ளே வருகிறதோ அங்கே ஒரு கூழாங்கல். பிற்பகலில் எந்த இடத்தில் வட்டத்தைத் தொட்டு வெளியேறுகிறதோ அங்கே இன்னொன்று. இரண்டையும் கயிற்றால் இணைத்தால் அது கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாகக் கிடப்பது தெற்கு. டர்பனின் அட்சரேகை 30 பாகையை ஒட்டியது என்பதால் அச்சை அந்தச் சாய்வில் தெற்கு நோக்கி வைத்து, ட்ராக்கரின் விசையைத் தென்கோளத்துக்கு மாற்றினால் முடிந்தது. இப்படி வைத்ததில் 5 பாகை பிழை இருந்தால்கூட, சூரியனின் நகர்வில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும்; ஒரு விநாடி எக்ஸ்போஷருக்கு அது தாராளம். விண்மீன்களைப் படமெடுப்பவர்கள் கேட்கும் துல்லியம் இதற்குத் தேவையில்லை என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆகவே, பால்வீதியைப் படமெடுக்கும் ஆசையும் உங்களுக்கு இருந்தால் ட்ராக்கரை இப்போதே வாங்கிப் பழகுங்கள், பல ஆண்டு உழைக்கும். இந்த ஒரு காலைக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கனமான ட்ரைபாடுக்கும் நல்ல ஃபில்டருக்கும் கொடுப்பதே மேல்.

ஃபில்டர் விஷயத்தில் பாதுகாப்பு முதலில் வருகிறது, வசதி அடுத்து. பகுதி மறைப்பு நடக்கும் நேரம் முழுவதும் லென்ஸின் முன்வாயில் சூரிய ஃபில்டர் இருந்தே ஆக வேண்டும். பின்புறம் மாட்டும் ஃபில்டர் குவிந்த வெப்பத்தில் வெடித்துவிடும். பார்ப்பதற்கு உரிய தாள் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே விடும். படமெடுப்பதற்கென்று விற்கும் 3.8 அடர்த்தித் தாள் அதைவிடப் பதினாறு மடங்கு அதிகம் விடுவதால், லென்ஸில் நுழையும் ஒளியே நேராகக் கண்ணுக்கு வரும் காட்சித்துளை உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் அதை மாட்டிக் கண்ணை வைக்கவே கூடாது. ஒளியைக் குறைக்கும் சாதாரண என்.டி. ஃபில்டர்களை அடுக்கிச் சமாளிப்பவர்களுக்கும் அதே எச்சரிக்கை: கட்புலனுக்கு இருட்டாகத் தெரிவது அகச்சிவப்புக்கும் இருட்டு என்று பொருளாகாது. மிரர்லெஸ் கேமராவில் கண் பார்ப்பது திரையை மட்டும் என்பதால் அந்த அபாயம் இல்லை. கேமரா வாங்கும் நிலையில் இருப்பவருக்கு இதுவே போதிய காரணம்.

வசதிக்கு வருவோம். திருகி மாட்டும் கண்ணாடி ஃபில்டர் காற்றுக்கு அசையாது, ஆனால் கழற்ற ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும், அவசரத்தில் புரி மாறிச் சிக்கும். தாளை அட்டை வளையத்தில் ஒட்டிச் செய்யும் தொப்பி மலிவு, படத் தெளிவும் குறையாது, ஒரே இழுப்பில் வரும். ஆனால் நம் கடற்கரைக் காற்று அதைத் தூக்கி எறிந்தால் சென்சார் தீய்ந்துவிடும். காந்த வளைய ஃபில்டர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. என் கையிருப்பில் இருப்பது தொப்பிதான். அதன் உட்புறத்தில் ஒரு சுற்று வெல்வெட் துணி ஒட்டி, லென்ஸோடு இறுகிப் பிடிக்கும்படியும் இரண்டு விரலால் உருவும்படியும் செய்திருக்கிறேன். ஒரு முழ நூலில் ட்ரைபாட் காலோடு கட்டியும் வைத்திருக்கிறேன். டேப்பை மட்டும் அதன் அருகில் அண்டவிடுவதில்லை. டேப் ஃபோக்கஸ் வளையத்துக்கு மட்டும்: முந்தின இரவு பளிச்சென்ற ஒரு விண்மீனில் ஃபோக்கஸ் பிடித்து, தானியங்கி ஃபோக்கஸையும் அசைவு தடுப்பையும் அணைத்துவிட்டு வளையத்தின் மேல் ஒட்டிவிடுகிறேன். காலையில் பிறையாகத் தேய்ந்த சூரியனின் கூர்முனையைத் திரையில் பெரிதாக்கி ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

ஷட்டரை யார் அழுத்துவது? மடிக்கணினியில் நிரல் அமைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் கேமராவை இயக்குவது அழகான ஏற்பாடு. ஆனால் கம்பி, மின்கலம், நேரத் துல்லியம் என்று தவறக்கூடிய இடங்கள் மூன்று கூடுகின்றன. முழுக்கக் கையால் மாற்றி மாற்றி எடுத்தால் வானத்தைப் பார்க்கவே முடியாது, அது எனக்கு ஒப்பவில்லை. நடுவழியாகக் கேமராவிலேயே உள்ள தானியங்கிப் பிராக்கெட்டிங்கை, அதாவது ஒரே அழுத்தலில் வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படம் எடுக்கும் வசதியை, எடுத்துக்கொள்கிறேன். எஃப் 8இல் 1/60 விநாடியை நடுவாக வைத்து, இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு ஒளி) இடைவெளியில் ஏழு படம் என்று அமைத்தால் 1/4000இலிருந்து ஒரு விநாடி வரை முழுவதும் ஒரே வரிசையில் வந்துவிடும். கையில் ஒரு ரிமோட், கண் வானத்தில். ட்ராக்கர் இல்லாதவர் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி நடுப்புள்ளியை வேகமான பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். ரா வடிவில் எடுங்கள், வேகமான மெமரி கார்டு போடுங்கள். கேமரா எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கும் ஐந்து விநாடி அன்று மிக நீளம்.

கைபேசியைச் சூரியனை நோக்கித் திருப்புவதில் பொருளில்லை, புள்ளியாகத்தான் விழும். ஐந்து நிமிடம் முன்னதாகவே வீடியோவை ஓடவிட்டு, வீட்டார் நிற்கும் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். மாமரத்தடியில் இலை இடுக்குகள் வழியே தரையெங்கும் சிறு பிறைகளாக விழும் வெளிச்சம், மேற்கிலிருந்து ஓடிவரும் இருள், பாட்டியின் வாயிலிருந்து வரும் சத்தம் எல்லாம் அதில் பதியும்.

இடம் பற்றிய தெரிவு கருவித் தெரிவையும் பாதிக்கிறது. நவம்பர் கடைசி நமக்கு மழைக்காலம். கடலோரக் காலை மேகம் எல்லோருக்கும் தெரிந்ததே. கலஹாரிப் பக்கம் வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் அங்கே சூரியன் இன்னும் தாழ்வாக நிற்கும், மறைப்பு நேரமும் குறையும், ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு வண்டியும் ஓட்ட வேண்டும். டர்பனில் ஈரம்: குளிரூட்டிய அறையிலிருந்து லென்ஸை நேராக வெளியே கொண்டுவந்தால் ஆவி படிந்துவிடும், ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே வைக்க வேண்டும். உள்நாட்டில் தூசு. மூன்று நாள் முன்பு வானிலை முன்கணிப்பைப் பார்த்து முடிவெடுக்கும் சுதந்திரம் வேண்டுமானால், முழுக் கருவியும் ஒரு பக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்னிருக்கையில் அடங்க வேண்டும். கனத்த தொலைநோக்கியும் அதன் தாங்கியும் அந்தச் சுதந்திரத்தைப் பறித்துவிடுகின்றன, 400 மி.மீ. லென்ஸும் ட்ரைபாடும் பறிப்பதில்லை.

ஒத்திகைக்கு இரண்டு வகை நாள் உண்டு. பௌர்ணமி நிலவு சூரியனின் அளவே தெரிவதாலும், அதன் ஒளி உள்கொரோனாவுக்கு அதிகத் தூரமில்லை என்பதாலும், ஒவ்வொரு பௌர்ணமியும் இலவசப் பயிற்சி. மற்றொன்று, ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 25 காலை: அதே மணியில் சூரியன் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். சென்ற நவம்பரில் முற்றத்தில் ட்ரைபாடை விரித்து, தொப்பியைக் கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை உருவிப் போட்டுப் பார்த்தேன். இருபது முறையும் லென்ஸ் அசையவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை ஒன்று சூரியனின் கீழ்ப்பாதியை மறைத்தது. வெட்டச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை, ஆகவே ட்ரைபாட் நிற்க வேண்டிய இடத்தை நான்கு எட்டு தெற்கே, தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகச் சுண்ணாம்பால் குறித்து வைத்திருக்கிறேன்.